தரகர் அன்புமணி மகளின் இடது சிறுநீரகம்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில், கேட்பதற்கு முன்பாகவே "ஒரு கொறையும் இல்லீங்க" என்று சொல்கிறவரின் மாட்டைத் தரகர் அன்புமணி இரண்டு சுற்றுச் சுற்றிவந்து பார்ப்பார். குறையே இல்லாத மாட்டை எதற்குச் சந்தைக்கு ஓட்டி வருகிறார்கள்? பால் கறக்கும், கன்று போட்டிருக்கிறது, சாது, பொம்பளைப் பிள்ளைகூடப் பிடித்துக் கட்டலாம் என்று அடுக்கிக்கொண்டே போனால், அவருடைய சந்தேகமும் அதே வேகத்தில் ஏறும். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். வாலைத் தூக்கிப் பார்ப்பார். பத்தடி நடக்கவிட்டு, பின்னங்கால் குளம்பு மண்ணில் பதிவதைக் குனிந்து பார்ப்பார். கடைசியில் மாட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார். குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சும்மா வந்த குணம் இல்லை அது. அவருடைய அப்பா சுப்பையன் ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையத்து ஆளாக இருந்தவர். தோட்டத்து மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிவருவது அவர் வேலை. விலை பேசும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பதும் அவர் வேலை. பொள்ளாச்சியில் விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவரும் தரகரும் கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட என்ன விலை என்று தெரியாது. சுப்பையனின் கை அந்தத் துண்டுக்குள் ஒருநாளும் போனதில்லை. போக விட்டதில்லை. மகனின் கை போனதென்றால் ஒரே காரணம்தான்: அன்புமணி நல்ல மாடு என்று சொன்ன மாடு வீட்டுக்குப் போய் நொண்டியதில்லை. பெரிய தோட்டக்காரர்கள் வேறு வழியில்லாமல் அவரிடம் கையை நீட்டினார்கள். சந்தேகம்தான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. அதை வீட்டுக்கு வந்ததும் சட்டையோடு கழற்றி மாட்டிவிட முடியுமா?

முடியவில்லை. சந்தையில் அவருக்குச் சந்தேகமணி என்று பெயர். வீட்டில் அவர் மனைவி கிருபா அதையும் சுருக்கி 'மணி' என்ற பாதியைத் தூக்கி எறிந்துவிட்டாள். "ஏனுங்க சந்தேகம், டீ ஆறுதுங்க" என்பாள். பேருந்து நிலையத்தருகே ஒரு பேக்கரியில் அவள் கல்லாவில் உட்காருகிறவள். சிரித்த முகம். யாரையும் நம்பிவிடுவாள், அவரைக் கட்டிக்கொண்டதே அப்படி நம்பித்தான் என்பாள். அவள் தேவாலயத்துக்குப் போகிறவள். அவர் மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிறவர், அங்கேயும் செருப்பை டோக்கன் போட்டு வைத்துவிட்டு நாலு தரம் திரும்பிப் பார்க்கிறவர்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். மிஸ்பா என்று வேதத்திலிருந்து பெயர் எடுத்தாள் கிருபா. குழந்தை வயிற்றில் இருந்தபோதே ஐந்தாம் மாத ஸ்கேனில், இடது சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பிறந்த பிறகு, கோயமுத்தூர்ப் பீளமேட்டில் ஒரு மருத்துவமனையில் குழந்தைகளின் சிறுநீரக மருத்துவர் இருக்கிறார், அவரிடம் காட்டுங்கள் என்று அனுப்பினார்கள்.

அந்த மருத்துவர் நேஹா. பழைய மில்லுக்காரக் குடும்பத்துப் பெண் என்று வாசலில் இருந்த காவலாளி சொன்னார். முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கமாட்டார். காலில் ஓட்டப்பந்தயத்துக்குப் போடுகிற மாதிரி ஷூ. குழந்தையின் வயிற்றில் பசையைத் தடவி, கருவியை வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, அவர் சொன்ன முதல் சொல்லே அன்புமணியின் காதில் சந்தையைக் கொண்டுவந்தது.

"ஒன்னும் பயப்படறதுக்கு இல்லீங்க. ஏழு மில்லிமீட்டர். லேசான வீக்கந்தான். மூத்திரம் கொஞ்சம் தேங்கி நிக்குது. இந்த மாதிரி பத்துக் கொழந்தைல எட்டுக்கு, ஒரு வயசு ரெண்டு வயசுக்குள்ள தானா வடிஞ்சுரும்."

"மருந்துங்க?"

"வேண்டாங்க."

"ஊசி கீசி?"

"அதெல்லாம் ஒன்னும் வேண்டாங்க."

"அப்ப நாங்க என்னதாங்க பண்றது?"

"பால் குடுங்க, நல்லா வளரட்டும். காச்சல் வந்தா மட்டும் அன்னிக்கே மூத்திரத்தை டெஸ்ட் பண்ணிப் போடோணும். ஒன்னுக்குப் போறது கொறைஞ்சாலோ, சும்மா சும்மா வாந்தி எடுத்தாலோ ஓடியாந்துருங்க. இல்லைன்னா மூணு மாசங் கழிச்சு ஒரு ஸ்கேன் எடுத்துக்கலாம்."

கிருபாவின் முகம் மலர்ந்துவிட்டது. அன்புமணியின் முகம் இறுகிவிட்டது. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் கிருபா கேட்டாள்.

"எதுக்குங்க இப்பிடி இருக்கறீங்க? நல்லதுதானுங்களே சொன்னாங்க?"

"அதுதான் அம்மணி எனக்குப் புடிபடலை. பீளமேட்டுல இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டி வெச்சுக்கிட்டு, வந்தவங்களுக்கு ஒரு மாத்திரைகூட எழுதாம எவனாச்சு அனுப்புவானா?"

அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. ஒரு மாட்டுக்கு வைத்தியமே வேண்டாம், விடுங்கள், தானாகச் சரியாகும் என்று எப்போது சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். வைத்தியம் தேவைப்படாத மாட்டுக்குச் சொல்வார்கள். வைத்தியம் பார்த்துப் பிரயோசனமில்லாத மாட்டுக்கும் சொல்வார்கள். இரண்டையும் சொல்கிற குரல் ஒன்றுதான். அந்த டாக்டர் இதில் எதைச் சொன்னார்? திரையை எதற்குத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்? ஏழு என்று சொல்லும் முன், பக்கத்தில் நின்ற நர்ஸ் ஏன் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள்?

இந்த நெருப்புக்குக் கனடாவிலிருந்து எண்ணெய் வந்தது. கிருபாவின் அண்ணன் சாமுவேல் அங்கே ஒரு கம்பெனியில் கணினி வேலை பார்ப்பவர். தங்கச்சி மகளை இன்னும் நேரில் பார்த்ததில்லை. சிறுநீரகம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தார். படித்ததில் எது மோசமோ அதைத் தேடி எடுத்து அனுப்பினார். கையில் தூக்க முடியாத குழந்தைக்கு அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

"மாப்ளே, சும்மா விட்டா கிட்னியே வேலை செய்யாம போயிரும்னு போட்டிருக்கான். டைங்கற மருந்தை ஊசில ஏத்தி ஒரு டெஸ்ட் இருக்கு. அதைச் சொன்னாங்களா?"

"சொல்லலீங்க மச்சா."

"பாத்தீங்களா! ஏன் சொல்லலை?"

"அதைத்தாங்க நானும் கேட்டுக்கிட்டு இருக்கறேன்."

பேசி முடித்த பிறகு இரண்டு பேருக்கும் பயம் இரட்டிப்பாகியிருந்தது.

அதன் பிறகு அன்புமணி குழந்தையைக் காவல் காக்க ஆரம்பித்தார். கடையில் வாங்குகிற டயபர் போட்டால் எவ்வளவு போனாள் என்று தெரியாது என்று, பழைய வேட்டிகளைக் கிழித்துத் துணியாகக் கட்டச் சொன்னார். துணியைக் கையில் வாங்கி எடை பார்த்தார். மிஸ்பா கைகாலை உதைத்துக்கொண்டு படுத்திருக்க, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, எப்போது போகப்போகிறாள் என்று கண் கொட்டாமல் பார்த்தார்.

"ஏனுங்க, புள்ளை ஒன்னுக்குப் போறதைப் பாக்கறதுக்கு டிக்கெட் வாங்கியிருக்கறீங்களா? தள்ளி உக்காருங்க. அவளுக்கே கூச்சமா இருக்குது, வர மாட்டீங்குது" என்றாள் கிருபா.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மனதில் அப்போது ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கிருபா வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஆரம்ப மாதங்களில் ஸ்கேனுக்குப் போனபோது என்ன சொன்னார்கள்? தண்ணீர் நிறையக் குடியுங்கள், ஒன்றுக்குப் போய்விடாதீர்கள், மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாகத் தெரியும் என்றார்கள். அவள் பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பீளமேட்டில் மிஸ்பாவுக்கு அப்படி ஏதாவது சொன்னார்களா? இல்லை. வந்ததும் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு ஏழு என்று சொல்லிவிட்டார்கள். காலிப் பையைப் பார்த்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியக்கூடாது என்றுதான் அப்படிப் பார்த்தார்களோ?

அந்தியூர்த் தேர்த்திருவிழா மாட்டுச் சந்தைக்கு வருடம் தவறாமல் போகிறவர், அந்த ஆடியில் போகவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூரில் வேறொரு ஸ்கேன் நிலையத்துக்குப் போவது என்று முடிவு செய்தார். டாக்டர் நேஹாவிடம் சொல்லவில்லை. ஒரு தரகர் சொன்னதைச் சரிபார்க்க இன்னொரு தரகரைக் கூட்டிவரும்போது முதல் தரகரிடமா சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

பொள்ளாச்சியில் பஸ் ஏறியதும் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பையிலிருந்து பிளாஸ்க்கையும், குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையையும் எடுத்தார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்.

"இதெதுக்குங்க?"

"ஸ்கேனுக்குத் தண்ணி குடிக்கோணுமல்ல?"

"அது எனக்குச் சொன்னதுங்க. நாலு மாசப் புள்ளைக்குத் தண்ணியா?"

"பையி நெறையாம ஒன்னுந் தெரியாது அம்மணி. நீ மொதல்ல பாலைக் குடு. அப்பறம் நான் இதைக் குடுக்கறேன். அங்க போய்ச் சேர்ற வரைக்கும் அவ ஒன்னுக்குப் போகாம இருந்தாச் செரி."

கிருபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பாலைக் கொடுத்தாள். கிணத்துக்கடவு தாண்டியதும் இன்னொரு முறை கொடுத்தாள். இடையில் அன்புமணி பாலாடையால் சொட்டுச் சொட்டாக அரை டம்ளர் தண்ணீரை உள்ளே இறக்கினார். மிஸ்பா சமர்த்தாகக் குடித்துவிட்டு, வயிறு உருண்டையாகத் தூங்கிப்போனாள். துணி நனையவில்லை. அவருக்குப் பரம திருப்தி.

அந்த நிலையத்தில் பார்த்தவர் அதிகம் பேசவில்லை. தாளில் எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு மில்லிமீட்டர். "கூடியிருக்கு போலிருக்கே. திங்கட்கிழமை வாங்க, கைல ஊசி போட்டு மருந்து ஏத்தி ஒரு படம் எடுக்கணும். அடைப்பு இருந்தா ஆபரேஷன்கூட யோசிக்க வேண்டிவரும்" என்றார்.

அன்புமணிக்கு முதலில் வந்தது பயம் இல்லை. 'நான் சொன்னேன் பாத்தியா' என்றுதான் உள்ளே ஒன்று எழுந்து நின்றது. தன் சந்தேகம் பலித்ததில் ஒரு நொடி அவர் மகிழ்ந்தார். மறுநொடி, கிருபாவின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். அதன் பிறகுதான் பயம் வந்தது.

"நேராப் பீளமேட்டுக்கு வுடுங்க" என்றார் ஆட்டோக்காரரிடம்.

வழியில் மிஸ்பா விழித்துக்கொண்டு வீறிட்டாள். சற்று நேரத்தில் கிருபாவின் மடி முழுக்க நனைந்தது. கிருபா துணியை மாற்றினாள். அன்புமணி அதைக் கவனிக்கவே இல்லை. அவர் டாக்டரிடம் என்ன கேட்பது என்று உள்ளுக்குள் சொல்லிப்பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நேஹாவின் மேசையில் தாளைப் போட்டார். "நீங்க ஏழுன்னீங்க. இது பன்னண்டு. எது நெசங்க?"

டாக்டர் படித்தார். நிதானமாக நிமிர்ந்தார். "எப்ப எடுத்ததுங்க இது?"

"இன்னைக்குத்தான். காலைல."

"எடுக்கறதுக்கு முன்னால பாப்பா ஒன்னுக்குப் போயிருந்தாளா?"

பதில் சொல்லமுடியாதவர்கள் கேள்வி கேட்பார்கள் என்பது அன்புமணிக்குத் தெரியும். "அதை ஏனுங்க இப்பக் கேக்கறீங்க? நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"போகலீங்க டாக்டர்" என்றாள் கிருபா. "ஊட்டுல இருந்து பொறப்பட்டதுல இருந்து போகலை. ரெண்டு தடவை பால் குடுத்தேன். இவரு தண்ணி வேற குடுத்தாரு. ஸ்கேனுக்குப் பையி நெறையோணும்னு."

டாக்டர் எழுந்தேவிட்டார். "தண்ணியா? எவ்வளவு?" அரை டம்ளர் என்றதும் குழந்தையை வாங்கிக் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், காலை உரசி உதைக்கவிட்டுப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார். "இந்த வயசுல தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு குடுக்கக் கூடாதுங்க. தண்ணி எச்சாப் போனா ஃபிட்ஸ்கூட வரும். இனிமேப் பண்ணாதீங்க." தாளைக் கையில் எடுத்துச் சொன்னார்: "கீழ பை நெறைஞ்சு கெடந்தா, மேல இருந்து எறங்கறதுக்கு எடம் இருக்காதுங்க. அது கிட்னிலயே நிக்கும். வீங்கினாப்பல காட்டும். நீங்க நெறைச்சுக் கூட்டிட்டுப் போனீங்க, மெஷினு நெறைஞ்சதைக் காட்டியிருக்குது."

அன்புமணிக்குச் சந்தை மாடுகள் கண்முன் வந்தன. சந்தைக்கு முதல்நாள் சாயங்காலமும் மறுநாள் காலையும் பசுவைக் கறக்காமல் ஓட்டிவருவார்கள். மடி பானைபோல வீங்கிப் பளபளவென்று நிற்கும். உப்பைக் கொடுத்துத் தண்ணீர் காட்டி வயிற்றை உப்பவைத்து நிறுத்துவார்கள். இதையெல்லாம் தூரத்தில் வரும்போதே கண்டுபிடித்து, "மொதல்ல பீச்சுங்க, அப்பறம் பேசலாம்" என்று எத்தனை பேரை அசிங்கப்படுத்தியிருக்கிறார்! இன்றைக்கு அவரே தன் மகளை அப்படி ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்.

ஆனாலும் சந்தேகமணி இல்லையா? "செரிங்க. இப்பப் போயிட்டா. இப்ப எடுங்க. டீவியை என்ற பக்கம் திருப்பி வெச்சு எடுங்க."

டாக்டர் திருப்பி வைத்தார். கருப்பு வெள்ளையில் அவரைக்காய் மாதிரி ஒன்று தெரிந்தது. அதன் நடுவில் சின்னதாக ஒரு கருங்குளம். டாக்டர் அதன் இரண்டு கரைகளிலும் இரண்டு புள்ளிகளை வைத்தார். ஏழரை.

"நீங்க வேணும்னே உள்ள தள்ளிப் புள்ளி வெச்சிருந்தீங்கன்னா?"

"ஏனுங்க!" என்று கிருபா அதட்டினாள்.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. இல்லை, வந்ததை விழுங்கிக்கொண்டார். "வாங்க, நீங்களே வெய்ங்க. இந்த உருண்டையை உருட்டுங்க. கரை எங்கன்னு உங்களுக்குத் தோணுதோ அங்க நிறுத்துங்க."

கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரலால் அன்புமணி அந்த உருண்டையை உருட்டினார். புள்ளி தாவித் தாவி ஓடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, குளத்தின் இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று வைத்தார். எட்டு என்று வந்தது.

"உங்களுக்கு எட்டு, எனக்கு ஏழரை. போச்சாதுங்க, பரவாயில்லை, உங்களுதையே எழுதிக்கறேன்."

கிருபா சிரித்துவிட்டாள். அன்புமணி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இது நெசமாலுமே தானாப் போயிருங்களா?"

"எட்டுப் பேருக்குப் போகும்னு சொன்னேன். எல்லாருக்கும்னு சொல்லலீங்க. ஒன்னு ரெண்டு கொழந்தைகளுக்கு அப்பிடியே நிக்கும், ஒன்னும் பண்ணாது. ரொம்பக் கொஞ்சம் பேருக்கு ஏறும். அவங்களுக்குத்தான் ஊசி போட்டு எடுக்கற டெஸ்ட், ஆபரேஷன் எல்லாம். மிஸ்பா இதுல எந்தப் பக்கம்னு கேட்டீங்கன்னா, இன்னைக்கு எனக்குத் தெரியாதுங்க. தெரியாததுனாலதான் மறுபடியும் ஸ்கேனுக்கு வரச் சொல்றேன்."

இத்தனை வருடச் சந்தையில் விற்க வந்தவர் யாரும் அவரிடம் தெரியாது என்று சொன்னதில்லை. அது என்ன மாதிரியான பேச்சு என்று அவருக்குப் பிடிபட நேரமாயிற்று.

"இதே உங்க ஊட்டுப் புள்ளையா இருந்தா?"

"நான் ஒரு மெஷினைத் தூக்கிட்டுப் போயி தெனமும் அளந்துட்டு இருப்பேன். எங்கம்மா அதைப் புடுங்கி ஒளிச்சு வெச்சிருப்பாங்க" என்றார் டாக்டர். "அளக்க அளக்கக் கொறையறது இல்லீங்க அது. கொழந்தை வளர வளரக் கிட்னில இருந்து எறங்கற குழாயும் வளரும். அப்பத்தான் கொறையும்."

திங்கட்கிழமை அவர்கள் அந்த நிலையத்துக்குப் போகவில்லை. போகாமல் இருந்தது அன்புமணிக்குச் சுலபமாகவும் இல்லை. அன்று முழுக்க அவர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒன்று கெட்டுக்கொண்டிருக்கிறதோ என்ற எண்ணம் அடுத்து வந்த மாதங்களிலும் அவரை விடவில்லை. தொட்டிலில் கையை வைத்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஒருநாள் லேசாகச் சுட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூருக்கே ஓடினார். மூத்திரத்தைச் சோதித்தார்கள், சுத்தமாக இருந்தது. வெறும் சளிக்காய்ச்சல். "காது சுட்டா பீளமேடு போற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று கிருபா கேலி செய்தாள். ஆனால் டாக்டர் நேஹா கேலி செய்யவில்லை. "நான் சொன்னதே இதைத்தாங்க. இதுக்கு மட்டும் எப்பவும் ஓடியாங்க" என்றார்.

மிஸ்பா பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய சமயத்தில் அடுத்தடுத்த ஸ்கேன்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் துணி நனைந்ததைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவளை உள்ளே கொண்டுபோனார். ஆறு என்று வந்தது. ஐந்தரை என்று வந்தது. அவள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் டாக்டர் புள்ளிகளை வைத்துவிட்டு, வழக்கம்போல உருண்டையை அவர் பக்கம் தள்ளினார். அன்புமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்களே சொல்லுங்க."

"நாலு. இது பல கொழந்தைககிட்டச் சாதாரணமா இருக்கற அளவுதாங்க. முழுசாப் போகலை, இத்தனூண்டு கோடாட்ட நிக்குது. இன்னொருக்காப் பாத்துப்போட்டு முடிச்சுக்கலாம். அடுத்த வருசம் வாங்க."

திரும்பும் பஸ்ஸில் சாமுவேல் கூப்பிட்டார். கனடாவில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். குரலில் தூக்கமே இல்லை. "என்ன சொன்னாங்க மாப்ளே? முழுசாப் போயிருச்சா?"

"இல்லீங்க மச்சா. கொஞ்சூண்டு இருக்குதாமா."

"இன்னும் இருக்கா? அப்ப வேற எங்காவது ஒருதடவை காட்டிருங்களேன். நான் ஒரு எடம் பாத்து வெச்சிருக்கேன், லிங்க் அனுப்பட்டுமா?"

அன்புமணி மடியில் நின்றுகொண்டு ஜன்னல் கம்பியைக் கடிக்கப்போன மகளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"வேண்டாங்க. துப்புரவாப் போயிருச்சுன்னு அந்தம்மா சொல்லியிருந்தா, இன்னேரம் நானே வேற ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டு இருப்பேன். மிச்சம் இருக்கறதையும் சேத்துச் சொன்னாங்க. அதனால ஊட்டுக்குப் போயிட்டு இருக்கறோம். நீங்க தூங்குங்க மச்சா."